காலை ஏழு மணி, அங்கே ஒரு மணி

அவையோருக்கு வணக்கம்.

எத்தியோப்பியா என்றவுடன் உங்களில் நடுவயதைத் தாண்டியவர்களுக்கு 1984ஆம் ஆண்டுப் பஞ்சம்தான் நினைவுக்கு வரும். எலும்பும் தோலுமான குழந்தைகளின் படங்கள் அன்று உலகமெங்கும் போய்ச் சேர்ந்தன. அந்தத் துயரம் உண்மை. ஆனால், ஒரு நாட்டை அதன் மிகக் கொடிய ஆண்டின் புகைப்படங்களை வைத்தே இன்றுவரை எடைபோடுவது பெரும் அநியாயம். அங்கே போகிறவர்கள் அந்த நாட்டோடு எப்படிப் பழகத் தொடங்கலாம் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

கடிகாரத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே பொழுது விடிவதிலிருந்துதான் மணி எண்ணுகிறார்கள். நமக்குக் காலை ஏழு மணி என்றால் அவர்களுக்கு ஒரு மணி. நண்பகல் ஆறு மணி. ‘நாளை மூன்று மணிக்கு வண்டி’ என்று ஓட்டுநர் சொன்னால், காலை ஒன்பதுக்குத் தயாராக இருங்கள். முப்பது நாள் மாதங்கள் பன்னிரண்டு, அதன்பின் ஐந்தோ ஆறோ நாள் கொண்ட பதின்மூன்றாம் மாதம் ஒன்று. ஆண்டுக் கணக்கும் ஏழெட்டு ஆண்டு பின்னால் நிற்கிறது. புத்தாயிரத்தை அவர்கள் கொண்டாடியது 2007 செப்டம்பரில். உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய மரபில் வந்தவர்கள் நாம். நமக்கு இது விநோதமாகவே தோன்றக் கூடாது. விருந்தாளிதான் வீட்டின் கணக்குக்கு மாற வேண்டும்.

அந்த மாற்றம் எனக்கு முழுதாகப் புரிந்தது காபிக்கு அமர்ந்தபோதுதான். காபிச் செடியின் தாயகமே அந்த மண். ஒரு வீட்டில் காபிக்கு அழைத்தால், தரையில் பசும்புல் பரப்பி, சாம்பிராணி புகைத்து, பச்சைக் கொட்டையை உங்கள் கண்முன்னேயே வறுப்பார்கள். வறுத்த சட்டியை ஒவ்வொருவரிடமும் கொண்டுவந்து மணம் காட்டுவார்கள். பிறகு இடித்து, ஜெபெனா என்னும் கழுத்து நீண்ட மண்கூஜாவில் கொதிக்கவைத்து, பிடியில்லாத சின்னக் கிண்ணங்களில் ஊற்றுவார்கள். ஒரு சுற்றோடு எழுந்து போவது முறையல்ல. அபோல், தோனா, பரகா என்று மூன்று சுற்று. அதே தூளில் மீண்டும் தண்ணீர் ஊற்றுவதால் சுற்றுக்குச் சுற்று காபி இளகும், பேச்சு இறுகும். அக்கம்பக்கத்துச் செய்தி, கல்யாணம், சண்டை, விலைவாசி எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். ‘அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டது’ என்று கிளம்புகிற பயணி, இதைவிடப் பெரிதாக எதைப் பார்க்கப் போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். அங்கே பெரும்பான்மையான கிறித்தவர்கள் சேர்ந்திருக்கும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினருக்குப் புதனும் வெள்ளியும் நோன்பு. இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. சைவம் உண்பவர்கள் அந்த நாட்களில் எந்த உணவகத்துக்கும் தயங்காமல் போகலாம்.

இனி, அந்நாட்டின் பெருமையும் காயமும். 1896 மார்ச்சில் அத்வா போர்க்களத்தில் பேரரசர் இரண்டாம் மெனெலிக்கின் படை இத்தாலியப் படையை முறியடித்தது. நாற்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து நாட்டைப் பிடித்த இத்தாலியர், 1937இல் அக்சும் நகரின் 24 மீட்டர் உயரக் கல்தூண் ஒன்றை ரோமுக்குக் கொண்டுபோய் நட்டார்கள். திருப்பித் தருவதாக 1947இல் ஒப்பந்தம் ஆயிற்று. தூண் வந்து சேர்ந்ததோ 2005இல்தான். இடையில் 1960இல், ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெறுங்காலோடு ஓடிய அபெபெ பிகிலா, அதே தூணின் அருகேதான் எதிராளியை விட்டு முன்னேறித் தங்கம் வென்றார். இதைத் தெரிந்துகொண்டு அக்சுமில் நில்லுங்கள். அந்தக் கல் உங்களோடு பேசும்.

வடக்கே உள்ள லாலிபெலா ஊரின் பதினொரு கிறித்தவ ஆலயங்களை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்தவை. நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அங்கே இன்றும் வழிபாடு நடக்கிறது. செருப்பைக் கழற்றுங்கள், முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள்.

வடக்கே 2020 நவம்பரிலிருந்து ஈராண்டுகள் கடும் போர் நடந்தது; உள்நாட்டுச் சண்டைகள் அதோடு தீர்ந்துவிடவில்லை. போகுமுன் நிலவரத்தை விசாரித்துவிடுங்கள். வடக்கின் ஆலயங்களோடு திரும்பியும் விடாதீர்கள். அந்நாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இஸ்லாமியர். கிழக்கே, மதில் சூழ்ந்த ஹரார் நகரில் பள்ளிவாசல்கள் மட்டும் எண்பதுக்கு மேல். அந்தச் சந்துகளில் நடக்க இரண்டு நாளாவது ஒதுக்குங்கள்.