சின்ன சாட்டிலைட்டுக்கு இந்தக் கன்வெர்ட்டர் ஏன் ஆகாது?

[திரையில்: போர்டு, மிக அருகில்]

வணக்கம். கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளில் ஏறி இறங்கியவர்கள் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் இந்த எல்எம்2596 கன்வெர்ட்டர் போர்டைப் பார்த்திருப்பீர்கள். நீலப் பெட்டியின் தலையில் பித்தளைத் திருகு, அதைத் திருகினால் வோல்டேஜ் மாறும், ரெண்டு பக்கமும் அலுமினிய கெப்பாசிட்டர். கியூப்சாட், அதாவது சின்னப் பெட்டி சைஸ் சாட்டிலைட், செய்ய ஆரம்பிக்கும் மாணவர்கள் முதலில் கேட்பதே இதைத்தான்: "அண்ணே, இதையே வைத்தால் என்ன?"

வேண்டாம் தம்பி.

2018இல் விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்ட நம்ம மலேசிய யுஐடிஎம் பல்கலைக்கழகத்தின் யுஐடிஎம்சாட்-1 மாதிரி 10 சென்டிமீட்டர் பெட்டி, பூமியை ஒரு சுற்று சுற்ற ஒன்றரை மணி நேரம்தான் ஆகும். அதில் ஏறக்குறைய 35 நிமிடம் நிழலில் போகும், அப்போது பேட்டரியை விட்டால் வேறு கதியில்லை. போனுக்கு நாளைக்கு ஒரு தடவை சார்ஜ் போடுகிறோம், அங்கே 15, 16 தடவை, வருடத்துக்கு 5,500 தடவைக்குப் பக்கம். லித்தியம் அயான் செல் அதைத் தாங்கணும் என்றால் சுற்றுக்கு அதன் கொள்ளளவில் 20, 30 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சக் கூடாது.

இப்போது போர்டுக்கு வருவோம். லோடே இல்லாவிட்டாலும் இந்தச் சிப் சுமார் 5 மில்லியாம்பியர் எடுத்துக்கொள்ளும். 7.4 வோல்ட்டில் அது 37 மில்லிவாட். இப்படி மூன்று வைத்தால் 100 மில்லிவாட்டைத் தாண்டிவிடும். சில கியூப்சாட்டுகளின் பீக்கன் ('நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லும் ரேடியோ சிக்னல்) பூமிக்கு அனுப்பும் சக்தியே அவ்வளவுதான், அதை ஒரு வேலையும் செய்யாமல் வீணாக்குகிறோம்.

இன்னொன்று இதைவிட மோசம். ரெண்டு செல் தொடராக வைத்தால் பேட்டரி 8.4 வோல்ட்டிலிருந்து 6 வரைக்கும் இறங்கலாம். இந்தச் சிப்புக்குள் இருக்கும் சுவிட்ச் மட்டுமே 1 வோல்ட் அளவுக்குத் தின்னும், மற்றப் பாகங்களும் கொஞ்சம் தின்றால் அப்புறம் 5 வோல்ட் லைன் எப்படி நிற்கும்? கம்ப்யூட்டர் ரீசெட் ஆகும், அதுவும் நிழலில். சாதாரண நாளில் பேட்டரி அவ்வளவு இறங்காது, உண்மைதான். ஆனால் அது சோர்ந்துபோன நாளில் தாங்குவதற்குத்தானே கன்வெர்ட்டரை டிசைன் செய்கிறோம்!

அதனால் சிங்க்ரனஸ் பக் கன்வெர்ட்டருக்குப் போங்கள். அதுவும் வோல்டேஜைக் குறைப்பதுதான், ஆனால் டயோடுக்குப் பதில் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் சுவிட்ச், லோடு குறைந்தால் பல்ஸைத் தாண்டித் தாண்டி ஓடும், சொந்தச் செலவு சில பத்து மைக்ரோஆம்பியரில் அடங்கும் சிப்புகள் நிறைய உண்டு. அலுமினிய கெப்பாசிட்டருக்குப் பதில் செராமிக். சூட்டை எடுத்துப்போக அங்கே காற்று கிடையாது, செம்பு வழியாக ஃபிரேமுக்கு இறக்கிவிட வேண்டும்.

சார்ஜ் பக்கம் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். நிழலிலிருந்து வெளியே வரும்போது சோலார் பேனல் சில்லென்று இருப்பதால் அதன் வோல்டேஜ் ஏறியிருக்கும், பேனல் அதிகபட்ச சக்தி தரும் புள்ளியை எம்பிபிடி என்ற சர்க்யூட் துரத்திப் பிடிக்கும். ஆனால் பேட்டரி 0 டிகிரிக்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றக் கூடாது, ஆனோடில் (செல்லின் நெகட்டிவ் பக்கம்) லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெட்டுவிடும். முதலில் டெம்பரேச்சர் சென்சாரைக் கேள், ஹீட்டரைப் போடு, பிறகுதான் சார்ஜ்.

[திரையில்: டேட்டாஷீட் கிராஃப்]

சிப் வாங்கும்போது டேட்டாஷீட்டின் முதல் பக்கத்து 95 சதவீத எஃபிஷியன்சியை நம்பி வாங்காதீர்கள், பெரும்பாலும் அது நல்ல லோடில் எடுத்த அளவு. கிராஃபில் லோடு குறைவாக இருக்கும் இடது ஓரத்தைப் பாருங்கள், 10 மில்லியாம்பியரில் என்ன வருகிறது? அப்புறம் பெஞ்ச் சப்ளையை (வோல்டேஜை மாற்றக்கூடிய மேசை பவர் சப்ளை) 6 வோல்ட்டில் வைத்து நீங்களே ஒரு தடவை அளந்து பாருங்கள்.