அருவி எது, நீர்வீழ்ச்சி எது?

அவையோருக்கு வணக்கம்.

இன்று பேசப்போவது அருவி என்ற ஒரே சொல்லைப் பற்றி. அகராதியைத் திறந்தால் எதிரே நீர்வீழ்ச்சி என்று இருக்கும். அதைப் படித்துவிட்டு இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறோம். இந்த இரண்டு சொற்களும் ஒரே பொருளைக் குறிப்பதில்லை. அருவியின் பரப்பு பெரியது.

ஒரு பெயர்ச்சொல்லின் பொருள் தெளிய வேண்டுமானால், அது எந்தெந்த வினைகளோடு வருகிறது என்று பார்க்க வேண்டும். குறிஞ்சிப்பாட்டில் 'அண்ணல் நெடுங்கோட்டு இழிதரு தெண்ணீர், அவிர்துகில் புரையும் அவ்வெள் அருவி' என்கிறார் கபிலர். இழிதல் என்றால் மேலிருந்து கீழே இறங்குதல். புறநானூற்று 158ஆம் பாட்டில் பாரியின் பறம்பு மலையைச் சொல்லும்போது 'கறங்கு வெள்ளருவி கல்லலைத்து ஒழுகும்' என்று வருகிறது. கறங்குதல் ஒலித்தல். கல்லலைத்தல் பாறையை மோதுதல். கடைசி வினை ஒழுகும் என்பதைக் கவனியுங்கள். அந்தரத்தில் குதிக்கும் நீரை ஒழுகும் என்று சொல்ல மாட்டோம். உச்சியிலிருந்து புறப்பட்டு, பாறையில் வழிந்து, இடையில் குதித்து, மோதி, மறுபடி ஓடி அடிவாரம் சேரும்வரை அந்த நீர் அருவிதான்.

திருமுருகாற்றுப்படையின் முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். பழமுதிர்சோலை அருவிக்கு அங்கே இருபது அடிக்கும் கூடுதலாக இடம் கிடைக்கிறது. பல துகில்கள்போல் அசைந்து வருகிறது, அகில் கட்டையைச் சுமக்கிறது, சந்தன மரத்தை முழுசாக உருட்டுகிறது, மூங்கிலின் வேரைப் பிளக்கிறது, தேனடையைச் சிதைக்கிறது, வாழையை அடியோடு துணிக்கிறது, தென்னங்குலையிலிருந்து இளநீரை உதிர்க்கிறது, மிளகுக் கொடியைச் சாய்க்கிறது. மயில் வெருவுகிறது, கரடி குகைக்குள் போய்ப் பதுங்குகிறது. இத்தனையும் முடிந்த பிறகுதான் 'இழுமென இழிதரும் அருவி' என்று சொல்லே வருகிறது. இது வெள்ளக்காலத்து அருவியின் முழு நடை. விழும் ஓர் இடத்தின் படம் மட்டும் அன்று. புலவர் மலை முழுவதையும் அந்த ஒரு பெயருக்குள் கொண்டுவந்துவிட்டார்.

ஒலியும் இச்சொல்லோடு ஒட்டியே வருகிறது. அகநானூற்று 82ஆம் பாட்டில், மூங்கில் துளையில் புகும் மேற்குக் காற்று குழலாகவும், அருவியின் குளிர்ந்த நீரொலி முழவாகவும் கேட்கின்றன. அதுவும் கபிலர் பாட்டுத்தான்.

இந்தப் பரந்த பொருள் இன்னும் அழியவில்லை. மலையாளத்தில் அருவி என்றால் ஓடை. குதித்து விழுவதற்கு அவர்கள் வெள்ளச்சாட்டம் என்கிறார்கள். 1888இல் நாராயண குரு சிவனைப் பிரதிட்டை செய்த அருவிப்புறம் நெய்யாற்றங்கரையில் இருக்கிறது. கரமனையாற்றில் அணை உள்ள ஊர் அருவிக்கரை. இலங்கையில் சிங்களவர் மல்வத்து ஓயா என்னும் ஆறு, மன்னார்ப் பகுதியில் தமிழருக்கு அருவி ஆறு. ஓடும் நீருக்கு அருவி என்ற பெயர் பொருந்தும் என்பதற்கு இவையெல்லாம் சான்று. ஆனால் ஈழத்தில் நெல்லறுப்பை அருவி வெட்டு என்பதை இதோடு சேர்த்துவிடாதீர்கள். அது அரிதல், அதாவது அறுத்தல் வழியாக வந்தது. அரிவி என்றும் வழங்கும். ஒலி ஒன்று, பிறப்பு வேறு.

இனி நீர்வீழ்ச்சி. இது ஆங்கிலச் சொல்லின் இரு பாதிகளையும் அப்படியே பெயர்த்து வைத்த சொல். பயன்படாத சொல் என்று சொல்ல மாட்டேன். ஆறு செங்குத்தாக விழும் அந்த இடத்தை மட்டும், அதன் உயரத்தையும் அகலத்தையும் நிலவியல் பாடத்தில் விளக்கும்போது இது உதவும். நயாகராவுக்கும் பொருந்தும், அகன்ற பேராறு ஒரே விளிம்பில் விழுவது அது. ஆனால் வீழ்ச்சி என்ற சொல் தமிழில் வேறு சுமையையும் தூக்கி வருகிறது: விலை வீழ்ச்சி, பேரரசின் வீழ்ச்சி. பேச்சாளருக்குச் சொல்லருவி, தமிழருவி என்று பட்டம் தருகிறோமே, அதில் நீர்வீழ்ச்சியை வைத்துப் பாருங்கள், நிற்காது. வற்றாமல் தொடர்ந்து வருவது என்ற பொருள் அருவிக்குத்தான் உண்டு.

ஊர்ப்பெயர்களில் இந்த வேற்றுமை நன்றாகத் தெரியும். மலைவாழிடங்களில் கேத்தரின் நீர்வீழ்ச்சி, கிளியூர் நீர்வீழ்ச்சி என்கிறோம். தொன்றுதொட்டு மக்கள் நீராடிய இடங்களில் அருவி, அல்லது கோயிலை ஒட்டி இருந்தால் தீர்த்தம்: அகத்தியர் அருவி, கல்யாண தீர்த்தம், பாணதீர்த்தம். கொல்லிமலையில் ஆகாய கங்கை.

சொற்களின் நுட்பம் பிடிபடக் குற்றாலத்தைவிட நல்ல இடம் இல்லை. சிற்றாறு மலைமேல் தேனருவியாக விழுந்து, செண்பகாதேவி அருவியைக் கடந்து, ஊருக்குள் பேரருவியாக இறங்குகிறது. ஒரே ஆற்றுக்கு மூன்று அருவிப் பெயர். பேரருவி ஏறத்தாழ 60 மீட்டர் உயரம். நடுவே பொங்குமாங்கடல் என்ற ஆழமான பாறைக்குழி நீரின் வேகத்தை வாங்கிக்கொள்வதால்தான் கீழே மனிதர் தலையைக் கொடுத்து நிற்க முடிகிறது. சாரல் என்ற சொல்லுக்கு மலைச்சரிவு என்றும் பொருள், சீசனில் காற்றோடு வரும் மெல்லிய மழை என்றும் பொருள். அருவியிலிருந்து தெறிப்பது சாரல் அன்று, அது திவலை. குடத்திலிருந்து விடாமல் ஊற்றினால் தாரை. பாறையில் ஊறித் தேங்கினால் சுனை. குழியில் ஆழமாக நின்றால் மடு.

பேரருவி 'பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுகிறது' என்று செய்தியில் வந்தால் குளிக்கத் தடை என்று பொருள். நீர் நிறம் மாறிச் செந்நிறமாக வருவதும் மலைமேல் பெருமழை என்பதற்கு அறிகுறி. அப்போது கல்லும் மரக்கிளையும் சேர்ந்து வரும். அகில் சுமந்து ஆரம் (சந்தனம்) உருட்டி என்று திருமுருகாற்றுப்படை சொன்னது இப்படிப்பட்ட வெள்ளக்காலத்து அருவியைத்தான்.

எழுதுவோர் கவனத்துக்குச் சில. அருவியில் இடையின ரு. வல்லின று போட்டு அறுவி என்று எழுதினால் பிழை. மலையோடு சேர்ந்தால் யகரம் தோன்றி மலையருவி. சிறுமை சேர்ந்தால் சிற்றருவி, பெருமை சேர்ந்தால் பேரருவி. சிறு அருவி, பெரு அருவி என்று பிரித்து வைப்பது காதுக்கு ஒவ்வாது. வெண்மை சேரும்போது வெள் என்று நின்று ளகரம் இரட்டித்து வெள்ளருவி ஆகும். அருவி நீர்வீழ்ச்சி என்று இரண்டையும் அடுக்கிப் பலகை வைக்க வேண்டாம், ஒன்று போதும். ஊரார் அருவி என்று அழைக்கும் இடமானால் பலகையிலும் அருவி என்றே இருக்கட்டும்.