பேனல் சும்மா தொங்கிட்டு இருக்கிறதில்ல

வணக்கம் நேயர்களே. உயரமான கட்டடங்கள்ல வெளிப்பக்கம் கண்ணாடி, கான்கிரீட் பேனல்னு மாட்டியிருப்பாங்க இல்லையா, டிசைன்ல பெரும்பாலும் அதை வெறும் எடையாத்தான் கணக்குல எடுப்பாங்க, தாங்குறதெல்லாம் தூணும் பீமும்னு. நிலநடுக்கத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

1985 செப்டம்பர் 19, மெக்சிகோ சிட்டி. நிலநடுக்கம் வந்தது பசிபிக் கரையோரம், 350 கிலோமீட்டருக்கும் மேல தள்ளி, ஆனா நகரத்தோட நடுப்பகுதி பழைய ஏரிப்படுகை, அந்தக் களிமண்ணு சுமார் 2 செகண்டுக்கு ஒரு தடவை போயிட்டுப் போயிட்டு வந்துச்சு. கட்டடம் ஒரு தடவை போயிட்டு வர்ற ஆட்ட நேரத்தை மாடிக்கு 0.1 செகண்டுன்னு தோராயமா வைப்பாங்க, அப்படின்னா 20 மாடிதானே அடி வாங்கணும்? மோசமா போனது 6லேந்து 15 மாடிக்குள்ள இருந்ததுங்கதான். ஏன்னா தூணுல விரிசல் விட்டு, சுவரு பேனலெல்லாம் உடைஞ்சு, விறைப்பு குறையக் குறைய அதுங்களோட ஆட்ட நேரம் நீண்டுக்கிட்டே போயி மண்ணோட தாளத்துல சிக்கிக்கிச்சு. விறைப்பு கால்வாசி ஆச்சுன்னா ஆட்ட நேரம் ரெண்டு மடங்கு, அதுதான் கணக்கு.

தெருமுனைக் கட்டடங்களும் அங்க நிறைய போச்சு. ரோட்டைப் பார்த்த ரெண்டு பக்கமும் கண்ணாடி, பின்னால ரெண்டு பக்கமும் கெட்டியான சுவர், ஒரு பக்கம் விறைப்பா நின்னு மறுபக்கம் ஆடினா மொத்தமா முறுக்கிக்கும், கண்ணாடிப் பக்கத்துத் தூணுக்குத்தான் முதல்ல கேடு.

கண்ணாடின்னதும் 2005ல ஜப்பான்ல ஃபுகுவோகால வந்த நிலநடுக்கம் ஞாபகம் வருது. 1961ல கட்டின ஒரு கட்டடம், ஜன்னல் கண்ணாடியை இறுகிப்போற புட்டி வச்சு பிடிச்சிருந்தாங்க, ஃபிரேம் சாய்ஞ்சப்போ கண்ணாடிக்கு நகர இடமில்ல, உடைஞ்சு கடைத்தெருவுல கொட்டிருச்சு. அந்தப் புட்டி முறைக்கு 1978லேயே அங்க தடை வந்தாச்சு, ஆனா புதுக் கட்டடத்துக்கு மட்டும்.

நம்ம நாட்டு நிலநடுக்க டிசைன் விதியான ஐஎஸ் 1893 கோடுல, ஒரு மாடி அதுக்குக் கீழ் மாடியைவிட பக்கவாட்டுல நகர்றது மாடி உயரத்துல 0.004 பங்கு வரைக்கும் சரிங்கிறாங்க, 3 மீட்டர் மாடிக்கு 12 மில்லிமீட்டர், நிஜமான பெரிய நடுக்கத்துல அதைவிட நல்லாவே கூடும். அதுக்காகத்தான் பேனலோட எடையை ஒரு பக்கம் தாங்கவிட்டு, மறுபக்கம் பிராக்கெட்ல நீளவாக்குல ஓட்டை போட்டு போல்ட்டு நகர இடம் விடுறாங்க. டிராயிங்ல இதெல்லாம் அழகா இருக்கும், சைட்ல யாரோ ஒருத்தர் ஆடக்கூடாதேன்னு நல்ல எண்ணத்துல அந்த போல்ட்டு மேலயே ஒரு வெல்டு வச்சிட்டுப் போயிடுவாரு, அதையும் யாராவது ஏறிப் போய் பார்க்கணும்ல?