படித்துறையில் ஒரு பந்தயம்

நேயர்களுக்கு வணக்கம். குளத்தில் துணி துவைத்தவர்களுக்கு இது தெரியும். காலைக் கொத்திக்கொண்டிருக்கும் மீன்குஞ்சுகள், துணியைக் கல்லில் ஓங்கி அடித்ததும் சிதறி ஓடும். சிறுவயதில் எங்கள் ஊர்ப் படித்துறையில் இதை வைத்துப் பந்தயம் கட்டுவோம். வலப்பக்கம் தட்டினால் இடப்பக்கம் ஓடும் என்பேன். புளியங்கொட்டை பெரும்பாலும் எனக்குத்தான் சேரும். "பயந்து ஓடுது மக்கா, இதுல என்ன கெட்டிக்காரத்தனம்?" என்பார் தாத்தா. பிற்பாடு விலங்கியல் படித்தபோதுதான் தெரிந்தது, பயப்பட அதற்கு நேரமே இல்லை என்று!

கண்ணாடித் தொட்டிகளில் விற்கிறார்களே வரிக்குதிரை மீன், அதன் ஐந்து நாள் குஞ்சு ஓர் அரிசி நீளம்கூட இருக்காது. உடம்பு கண்ணாடி மாதிரி. மூளையை உயிரோடு பார்க்கலாம். அதன் பின்மூளையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய நரம்பணுக்கள். மௌத்னர் அணுக்கள் என்று பெயர், 1859-இலேயே எழுதப்பட்டவை.

சரி, கைகளை மார்பின் குறுக்கே மாற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். வலது கை இடது தோளில் இருக்கிறதா? வலது அணுவின் நரம்பிழையும் அப்படித்தான், குறுக்கே தாண்டி இடப்பக்கத் தசைக்குப் போகிறது. வலப்பக்கம் சத்தம் கேட்டால் இடப்பக்கத் தசை சுருங்கும். மீன் பிறைபோல் வளையும், தலை இடப்பக்கம் திரும்பும், ஒரே பாய்ச்சல். வளையத் தொடங்க நொடியில் நூறில் ஒரு பங்கு போதும். மறுபடி சொல்கிறேன், நூறில் ஒரு பங்கு! நாம் கண்ணிமைக்க அதைப்போல் பத்து மடங்காவது ஆகும்.

யோசிக்காமல் ஓடுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. தென்கிழக்கு ஆசியாவில் மூக்கில் இரட்டைக் கொம்பு வைத்த நீர்ப்பாம்பு ஒன்று கொக்கிபோல் வளைந்து காத்திருக்கும். மீன் நடுவில் வந்ததும் உடம்பை லேசாக அசைக்கும். மீன் அசைவுக்கு எதிர்ப்பக்கம் பாயும். அங்கே பாம்பின் வாய். எங்கள் பந்தயத்தை அதுவும் ஆடியிருக்கிறது, புளியங்கொட்டைக்கு அல்ல.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். வெளிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொக்கின் நிழல் பெரிதாகிக்கொண்டே நெருங்கினால், கண் சேதி சொல்லி அதே அணுக்களை எழுப்பும். விளக்கை மட்டும் பட்டென்று அணைத்தால் வேறு கதை: குஞ்சு நிதானமாக வட்டமடித்துத் திரும்பும், அதற்கு இந்த அணுக்கள் தேவையில்லை. அப்புறம், நாலைந்து அடிக்குப் பிறகு துவைக்கிற சத்தத்தைச் சட்டைசெய்யாமல் மீன்கள் மறுபடி காலைக் கொத்த வருகின்றனவே, அது... நேரமாகிவிட்டது. வணக்கம்.