ஒரே ஓடர் இரண்டு தடவை விழுகிறதா?

வணக்கம் மக்களே. பின்னால் ஹோர்ன் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஜன்னலுக்கு வெளியே காலி வீதி.

இன்றைக்குப் பார்க்கப்போவது, ஒரே படிவம் இரண்டு தடவை பதிவாகும் பிரச்சினை. வேலை முடிந்து கோட்டையில் ரயிலேறிய ஒருவர், நெரிசலில் நின்றபடியே போனில் கேக் ஓடர் போடுகிறார் என்று வையுங்கள். 'அனுப்பு' பட்டனைத் தட்டினார். சிக்னல் இழுக்கிறது, திரையில் அசைவே இல்லை. இன்னொரு தட்டு. வெள்ளவத்தைக் கடையில் இரண்டு கேக் தயாராகிறது.

உடனே எல்லோரும் சொல்வது, தட்டியதும் ஜாவாஸ்கிரிப்டில் பட்டனைப் பூட்டிவிடு என்று. பூட்டுங்கள், ஆனால் கிளிக்கில் வேண்டாம், படிவம் புறப்படும்போது நடக்கும் சப்மிட் நிகழ்வில் செய்யுங்கள். கிளிக்கிலேயே பூட்டினால் சில பிரவுசர்களில் படிவம் போகவே போகாது. ஃபயர்ஃபாக்ஸ் வேறு, ரீலோட் செய்த பிறகும் பட்டனைப் பூட்டியபடியே வைத்திருக்கும். அந்தப் பட்டனுக்கு ஆட்டோகம்ப்ளீட் ஆஃப் போட்டால் சரியாகும்.

அடுத்தது, படிவத்தைக் கொண்டுவரும் போஸ்ட் கோரிக்கைக்கு நேரடியாகப் பக்கத்தைக் காட்டாமல், 'வேறு பக்கத்துக்குப் போ' என்று பிரவுசருக்குச் சொல்லும் 303 பதிலைக் கொடுத்து நன்றிப் பக்கத்துக்கு அனுப்புவது. அங்கே ரீலோட் செய்தால் படிவம் மறுபடி போகாது. நல்ல பழக்கம்தான். ஆனால் நம் ரயில்காரருக்கு அந்த 303 வந்து சேரவே இல்லையே!

அதனால் உண்மையான காவல் டேட்டாபேஸில்தான் இருக்க வேண்டும். படிவத்தோடு மறைவாக ஒரு டோக்கன், அதாவது அந்த ஓடருக்கென்று ஒரு அடையாளக் குறி. இன்னொன்றோடு மோதாதபடி உருவாகும் நீண்ட குறியான யூயூஐடி போதும். ஓடர் டேபிளில் அதற்கு ஒரு கொலம், அதன்மேல் யுனிக் கட்டுப்பாடு, ஒரே டோக்கன் இரண்டு தடவை நுழைய விடாது. 'முதலில் செலக்ட் போட்டுப் பார்க்கிறேன், இல்லையென்றால் இன்சர்ட்' என்று எழுதாதீர்கள். சில மில்லி செக்கன் இடைவெளியில் வரும் இரண்டு கோரிக்கையும் 'இல்லை' என்றே பார்க்கும், இரண்டும் எழுதிவிடும். நேரே இன்சர்ட் செய்யுங்கள். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் 9.5 முதல் 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்' இருக்கிறது, டோக்கன் மோதினால் எதுவும் எழுதாமல் விட்டுவிடும். மைஎஸ்க்யூஎல் என்றால் 'இந்த மதிப்பு ஏற்கனவே இருக்கிறது' என்னும் 1062 பிழையைப் பிடியுங்கள்.

பிடித்த பிறகு சிவப்பு எழுத்தில் 'ஏற்கனவே அனுப்பப்பட்டது' என்று காட்டுகிறார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. காசு போய்விட்டதோ என்று பயந்து மனிதர் கடைக்குக் கோல் எடுப்பார். முதல் ஓடரின் உறுதிப் பக்கத்தையே திரும்பக் காட்டுங்கள்.

ஒரு பொறி இருக்கிறது. பக்கத்தை ரீலோட் செய்தால் புது டோக்கன் வந்துவிடும். அதனால் டோக்கனைப் பக்கத்தோடு அல்ல, கூடையோடு கட்டுங்கள். பெயர், தொகை ஒன்றாக இருக்கிறதே என்று இரண்டாவது ஓடரைத் தள்ளுவதும் பிழை, பிறந்தநாள் வீட்டுக்காரர் வேண்டுமென்றே இரண்டாவது கேக் கேட்கலாம்.

கார்ட் கட்டணம் இருந்தால் அங்கேயும் அதே டோக்கனைக் கொடுங்கள். கட்டணச் சேவையான ஸ்ட்ரைப் இதற்கென்றே 'ஐடெம்பொட்டென்ஸி கீ' என்று கோரிக்கையோடு போகும் ஒரு ஹெடர் வைத்திருக்கிறது. நீங்கள் பயன்படுத்தும் கட்டண கேட்வேயில் என்ன வழி என்று ஆவணத்தைப் பாருங்கள்.

சோதிக்கும்போது மவுஸால் இரட்டைக் கிளிக் செய்து திருப்திப்படாதீர்கள். கட்டளை வரியிலிருந்து கோரிக்கை அனுப்பும் கர்ல் கருவியால், ஒரே டோக்கனோடு பத்து கோரிக்கைகளை ஒரே நேரத்தில் விடுங்கள், டேபிளில் ஒரு வரிதான் இருக்க வேண்டும்.