அடிமை வரலாறும் நம் வகுப்புப் பிள்ளைகளும்

(ராமநாதபுரத்தில் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். அடிமை வணிகப் பாடம் வந்தால் நம்மில் பலர் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிறோம். சிலருக்கு ஆர்வம் கூடிவிடுகிறது. பிள்ளைகள் மனதில் பதியட்டும் என்று ஒரு பையன் கையைக் கட்டி நிறுத்தி, இன்னொருவனை ஏலம் விடச் சொல்கிறார்கள். பெஞ்சுக்கு அடியில் நெருக்கிப் படுக்கவைத்து, இதுதான் கப்பல் என்கிறார்கள். தயவுசெய்து இது வேண்டாம். கை கட்டப்படுகிறவன் யாராக இருப்பான்? கறுத்த பிள்ளை, வசதியில்லாத பிள்ளை, எதிர்த்துப் பேசாத பிள்ளை. மணி அடித்தால் நாடகம் முடிந்துவிடும். பட்டப்பெயர் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் கூடவே வரும்.

ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடல் தாண்டி அமெரிக்கக் கண்டங்களுக்குக் கப்பல்களில் அடிமைகளாக ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். உயிரோடு கரை இறங்கியவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். இரண்டையும் கரும்பலகையில் எழுதிக் கழிக்கச் சொல்லுங்கள், போதும். அதன்பிறகு பேச்சை லாபத்தின் பக்கம் திருப்புங்கள். கப்பலுக்கு முதல் போட்டது யார், தோட்டங்களில் அடிமைகள் உழைத்து விளைந்த சர்க்கரை யார் வீட்டுக்குப் போனது என்று கேட்கட்டும். எதிர்த்து நின்றவர்களையும் விட்டுவிடாதீர்கள். கரீபியன் கடலில் உள்ள இன்றைய ஹெய்ட்டியில் 1791-இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1804-இல் அது தனி நாடானது. சாட்டையடியை மட்டும் சொன்னால், அடி வாங்கவே பிறந்த கூட்டம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்.

ஆப்பிரிக்கா சங்கதி நமக்கு எதற்கு என்று யாராவது கேட்டால் நாகப்பட்டினத்தைச் சொல்லுங்கள். 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமை பஞ்சத்திலும் போரிலும் கிடந்தபோது, டச்சுக் கம்பெனி அங்கே ஆயிரக்கணக்கானவர்களை வாங்கி இலங்கைக்கும் பட்டேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) ஏற்றியது. பசி தாங்காமல் தங்களைத் தாங்களே விற்றுக்கொண்டவர்களும் அதில் உண்டு.

நம் ராமநாதபுரக் கரையின் கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக் காப்பித் தோட்டத்துக்காக இங்கிருந்து தோணியேறி மன்னார்ப் பக்கம் இறங்கிய சனங்கள், காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். பின்னால் வந்தவர்களை மண்டபம் முகாமில் தடுத்து வைத்துச் சோதித்து அனுப்பினார்கள். இதையும் அடிமை முறை என்று சொல்லிவிட ஆசை வரும். ஆனால் கொடுமை என்பதற்காக இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. அடிமையைச் சட்டமே சொத்தாக்கியது. அடிமைப் பெண் பெற்ற பிள்ளையும் முதலாளியின் சொத்து. தோட்டத்துக்குப் போனவர்களைப் பிடித்து வைத்தது ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியிடம் பட்ட கடன். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளே வாதாடிக் கண்டுபிடிக்கட்டும். பாடத்தில் அதுதான் எனக்குப் பிடித்த இடம்.

அதே மண்டபம் முகாமில் இன்று ஈழத்து அகதிக் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். "உங்க தாத்தா எப்படிப்பா வந்தார், சொல்லு" என்று எழுப்பி நிறுத்தாதீர்கள். தானாகச் சொன்னால் கேளுங்கள். வீட்டுக் கதையை எழுதி வா, மதிப்பெண் போடுகிறேன் என்பதும் வேண்டாம். சில வீடுகளில் அது கேட்கக்கூடாத கேள்வி.

சரி, தேர்வுக்கு என்ன கேட்பது? "அடிமைகள் பட்ட துன்பங்களை விவரி" என்று கேட்டால் மனப்பாடம்தான் வரும். பிரிட்டனின் 1833-ஆம் ஆண்டு அடிமை ஒழிப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாளிகளுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு, அடிமைப்பட்டவர்களுக்குக் காசு கிடையாது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட இந்தியாவையும், அதோடு இலங்கையையும் அந்தச் சட்டம் விட்டுவிட்டது. இந்தியாவுக்குத் தனிச் சட்டம் வர 1843 ஆனது. ஏன் இப்படி என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள்.