உள்ளிருந்து திறக்கும் கதவு

நேயர்களுக்கு வணக்கம்.

2004-ஆம் வருடம் ஜூலை 16, கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் இறந்த நாள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் ஆசிரியர் வேலை பார்த்த எங்கள் எல்லோருக்கும் ஒரு விஷயம் நெஞ்சில் பதிந்துபோனது: ஆபத்து என்றால் பிள்ளைகள் வெளியே ஓட வழி இருக்க வேண்டும். அதே வருடம் செப்டம்பர் 1, ரஷ்யாவில் பெஸ்லான் என்ற ஊரில் புதுக் கல்வியாண்டின் முதல் நாள். பெற்றோரும் பிள்ளைகளும் விழாவுக்காகக் கூடி நின்ற நேரத்தில் ஆயுதக் கும்பல் பள்ளிக்குள் புகுந்தது. 1,100 பேருக்கு மேல் மூன்று நாள் பிணையாக இருந்தார்கள். 330 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் பாதிக்கு மேல் குழந்தைகள். அங்கே கற்ற பாடம் நேர் எதிரானது: கண்டவர்கள் உள்ளே வர வழி இருக்கக் கூடாது.

இந்த இரண்டையும் ஒரே கட்டடத்தில், ஒரே நேரத்தில் சாதிக்க வேண்டும். பெரிய பள்ளிகளைக் காப்பாற்றுவதில் உள்ள சிக்கல் முழுவதும் இதில் அடங்கிவிடும். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் பள்ளிகளின் பாதுகாப்பு விஷயமாகக் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்வருகிறேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

நம் கொங்குப் பகுதியில் பள்ளிகள் மிகப் பெரிதாகிவிட்டன. ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் ஹாஸ்டலோடு சேர்ந்த பள்ளிகளில் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள். திருப்பூரில் அரசுப் பள்ளிகளே நிரம்பி வழிகின்றன. சின்ன ஊர்ப் பள்ளியில் புது ஆள் கேட்டைத் தாண்டினால் சத்துணவு ஆயாவே, "யாருங்க, யாரைப் பாக்கோணும்?" என்று கேட்டுவிடுவார். மூவாயிரம் பேர் படிக்கிற இடத்தில் அப்படிக் கேட்க ஆளில்லை. யார் வந்தாலும் யாரோ ஒரு பிள்ளையின் சித்தப்பாவாக இருக்கும் என்று விட்டுவிடுகிறோம்.

சுவரை உயர்த்தினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். 2014 டிசம்பர் 16 அன்று பாகிஸ்தானின் பெஷாவரில் ராணுவப் பள்ளியைத் தாக்கியவர்கள் பின்பக்கச் சுவரை ஏறிக் குதித்துத்தான் உள்ளே போனார்கள். 130-க்கும் மேற்பட்ட மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு நம் மத்திய உள்துறை அமைச்சகமும் பள்ளிகளுக்கு வழிமுறைகள் அனுப்பியது, இங்கேயும் பல இடங்களில் சுவர் உயர்ந்தது, கேமரா வந்தது. தப்பில்லை. ஆனால் சுவர் என்பது வருகிறவனைச் சற்றுத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அதுவும் நம் அரசுப் பள்ளி மைதானத்தில் விடியற்காலை ஊரே நடைப்பயிற்சி போகிறது, தேர்தல் என்றால் வாக்குச்சாவடி அங்கேதான். ஊர்ச்சொத்தாக இருப்பது அந்தப் பள்ளியின் பெருமை. அதைக் கோட்டையாக மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உண்மையில் பலவீனமான நேரம் சாயங்காலம் பள்ளி விடுகிற நேரம். பஸ்கள் வரிசையாகக் கிளம்ப, எல்லாக் கேட்டும் திறந்திருக்கும். அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் பார்க்லேண்டில், 2018 பிப்ரவரி 14 அன்று, அதே பள்ளியில் முன்பு படித்தவன் துப்பாக்கிப் பையோடு நடந்து உள்ளே போனது இப்படித் திறந்து வைத்த கேட் வழியாகத்தான். பள்ளி விட இன்னும் 20 நிமிடம் இருந்தது. கேட்டில் ஆளில்லை. உள்ளே ஒரு பாதுகாப்பு ஊழியர் அவனைப் பார்த்து அடையாளமும் தெரிந்துகொண்டார். ஆனால் பள்ளி முழுவதையும் எச்சரிக்கும் அறிவிப்பை அவர் கொடுக்கவில்லை. துப்பாக்கிச் சூட்டில் எழுந்த தூசியும் புகையும் தீ அலாரத்தை அடிக்க வைத்துவிட்டன. பயிற்சியில் சொன்னபடி மாடியிலிருந்த பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள், நேராக அவன் எதிரே. மொத்தம் 17 பேர் இறந்தார்கள். எல்லாம் ஏறக்குறைய ஆறே நிமிடம். வளாகத்தில் ஆயுதம் தாங்கிய காவலர் ஒருவர் இருந்தார். அவர் அந்தக் கட்டடத்துக்குள் போகவில்லை.

பெல் அடித்தால் வெளியே வா என்று நாம் பழக்குகிறோம். வேறொரு ஆபத்தில் அதே பெல் பிள்ளைகளைச் சாவின் வாயில் தள்ளும். அதனால் மைக்கில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சங்கேத வார்த்தை எதுவும் வேண்டாம். "கத்தியோடு ஒருவர் மேற்குக் கட்டடத்தில் இருக்கிறார், எல்லோரும் வகுப்புக் கதவைத் தாழ் போடுங்கள்" என்று யாருக்கும் புரிகிற மாதிரி. திருப்பூரில் இதை இந்தியிலும் ஒரு தடவை சொல்ல வேண்டும். பனியன் கம்பெனி வேலைக்கு வந்த பீகார், ஒடிசாக் குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே ஏராளம். போன வாரம் சேர்ந்த பிள்ளைக்குத் தமிழ் புரிந்திருக்காது.

சரி, நம் ஊரில் துப்பாக்கிக்கு எங்கே போவான் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கே லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது, அந்தச் சட்டம் நமக்குப் பெரிய காவல். 2012 டிசம்பர் 14 என்ற ஒரே நாளில் இரண்டு சம்பவம் நடந்தன. சீனாவில் ஒரு கிராமப் பள்ளியில் கத்தியோடு புகுந்தவன் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளை வெட்டினான், எல்லாக் குழந்தைகளும் பிழைத்தார்கள். அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் துப்பாக்கியோடு புகுந்தவன் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்றுபோட்டான். அதற்காகக் கத்தியைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. 2024 நவம்பரில் தஞ்சாவூர் மாவட்டம் மல்லிப்பட்டினத்தில் ஒரு இளம் ஆசிரியையைப் பள்ளி வளாகத்துக்குள்ளேயே ஒருவன் குத்திக் கொன்றான். நம் தோட்டங்களில் கொடுவாள் இல்லாத வீடு உண்டா? கத்தியோ கொடுவாளோ வைத்திருப்பவனைத் தடுக்க, கெட்டியான கதவும் நல்ல தாழ்ப்பாளும் போதும்.

அந்தத் தாழ்ப்பாளைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நம் வகுப்பறைக் கதவைப் பாருங்கள். வெளிப்பக்கம் பூட்டுப் போட நல்ல இரும்பு நாதாங்கி இருக்கும், சாயங்காலம் பூட்ட வேண்டுமே. உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு திருகாணி ஓட்டை மட்டும் இருக்கும். பிள்ளைகள் உள்ளே தாழ் போட்டு விளையாடுகிறார்கள் என்று கழற்றியிருப்பார்கள், அல்லது உடைந்துபோய் மாற்றியிருக்க மாட்டார்கள். நான் போன பள்ளிகளில் இதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறது. பொருள்களைக் காப்பாற்றப் பூட்டு வைத்திருக்கிறோம், பிள்ளைகளைக் காப்பாற்ற ஒரு தாழ்ப்பாள் வைக்கவில்லை.

சாண்டி ஹூக்கில் வகுப்புக் கதவைப் பூட்ட ஆசிரியர் வெளியே வந்து சாவி போட வேண்டியிருந்தது. 2022 மே 24-ல் டெக்சாஸின் உவால்டியில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் இறந்த பள்ளியில், ஒரு வகுப்புக் கதவு சரியாகப் பூட்டுவதில்லை என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். அன்றைக்கு அங்கே 376 காவலர்கள் வந்து சேர்ந்தார்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த வகுப்புக்கு வெளியே காத்திருந்தார்கள். துப்பாக்கி பிடித்த காவலாளியை வாசலில் நிறுத்தச் சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். தாராபுரம், கோபி பக்கத்துக் கிராமப் பள்ளிக்குப் போலீஸ் எவ்வளவு வேகமாகக் கிளம்பினாலும் வந்துசேர நேரமாகும். அதுவரை தாங்க வேண்டியது அந்தக் கதவுதான்.

இதிலும் கும்பகோணத்தை மறக்கக் கூடாது. சாவி தேடுகிற பூட்டோ, சின்னப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாளோ வைத்துவிட்டால் நெருப்பில் மாட்டிக்கொள்வார்கள். உள்ளிருந்து சாவியில்லாமல் ஒரே அசைவில் பூட்டவும் திறக்கவும் முடிய வேண்டும், வெளியே இருப்பவனால் திறக்க முடியக் கூடாது. அப்படிப்பட்ட பூட்டு ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கிறது. கேட்டிலும் இதே முறைதான்: உள்ளே வர ஒரு வழி, அவசரத்தில் வெளியே போகப் பல வழி.

அப்புறம் அந்தக் கேட்டில் இருக்கிற வருகைப் பதிவேடு. பெயர், காரணம், வந்த நேரம் எல்லாம் எழுதியிருக்கும். போன நேரம் என்ற கட்டம் பக்கம் பக்கமாகக் காலியாகக் கிடக்கும். உள்ளே வந்தவர் திரும்பிப் போனாரா என்று யாருக்கும் தெரியாது. வாட்ச்மேனைக் குறை சொல்லவில்லை. பல இடங்களில் வயதானவர், ஒரே ஆள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவர்தான். அவருக்கு இன்னொரு ஆள் துணையும், ஆபீஸுக்கு உடனே பேச ஒரு போனும் கொடுங்கள்.

கதவுக்கும் கேட்டுக்கும் முந்தியது ஒன்று உண்டு. அமெரிக்க அதிபருக்குப் பாதுகாப்புத் தரும் சீக்ரெட் சர்வீசும் அந்நாட்டுக் கல்வித் துறையும் 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2002-ல் அறிக்கை தந்தன. பத்தில் எட்டுச் சம்பவங்களில், தாக்குகிறவனின் எண்ணம் இன்னொருவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது, பெரும்பாலும் சக மாணவருக்கு. பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை? சொன்னால் என்ன ஆகும் என்ற பயம்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சக மாணவர்களின் துன்புறுத்தலைப் பள்ளியில் சொன்ன பையனை, அவர்கள் வீடு தேடிப் போய் வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் குறையை எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டி வைத்திருக்கிறார்கள், நல்ல ஏற்பாடு. அதில் சீட்டுப் போட்ட பிள்ளையின் பெயர் வெளியே போகாமல் காப்பதும், அன்றைக்கு அந்தப் பிள்ளை பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும் சேர்ந்தால்தான் அது முழு ஏற்பாடு. சாதிக் கயிறும் கிண்டலும் வகுப்புக்குள் வரும்போதே தட்டிக் கேட்கிற ஆசிரியர் எந்தக் கேமராவைவிடவும் பெரிய காவல்.

ஒத்திகை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முகமூடி போட்டு ஆளை ஓடவிட்டு, பட்டாசு வெடித்துக் காட்டாதீர்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தை ராத்திரி தூங்காது. கதவைச் சாத்து, விளக்கை அணை, சுவரோரம் உட்கார், சத்தம் போடாதே என்று விளையாட்டுப் போலப் பழக்கினாலே போதும். நடக்கக் காலில் காலிபர் என்ற தாங்கி போட்ட பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் அன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள்.

பெற்றோர்களே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது, உங்கள் பிள்ளையின் வகுப்புக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டுப் பாருங்கள். விழவில்லை என்றால் தீர்மானத்தில் முதல் வரியாக அதை எழுதச் சொல்லுங்கள். அவசர உதவிக்கு 112, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098. இரண்டையும் உங்கள் பிள்ளைக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.